பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அன்புள்ள குணா,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று செமோர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தார். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான், ஆனாலும் அந்தக் கிள்ளு மறக்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் அத்தைக்கு நீ எழுதுகிற கடிதங்களிலிருந்து தெரிகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதில்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முழங்கால் இரண்டும் வலிக்கின்றன, இடது காது மந்தமாகிவிட்டது, பசிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், நம் பச்சைக் காருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் ரேகை தெரியும். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை, பொறுத்துக்கொள்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. எனக்கு இல்லை, அத்தைக்கு. எட்டு வருசமாக எல்லாக் கடிதமும் அவளுக்குத்தான் வருகிறது. அவள் வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகப் படிப்பாள், நான் உள்ளே பேப்பர் பார்க்கிற மாதிரி இருப்பேன், இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. இந்தத் தடவை பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து தாளை என் மடியில் போட்டாள். "நீயே படிச்சுக்கடா. எனக்கு வாய் வரல" என்றாள். பாகான் டத்தோவில், ஸ்டெல்லா வீட்டாரின் தேவாலயத்தில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். உன்னோடு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், தென்னந்தோட்டத்துப் பிள்ளை. இங்கிலாந்து வரை போய் நம் பேராக்குப் பெண்ணையே பிடித்திருக்கிறாயே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அதற்குக் கீழேதான் அந்த வரி. "சுபாங் ஏர்போர்ட்டில் இறங்கி நாங்களே டாக்சி எடுத்துக்கொள்கிறோம், யாரும் சிரமப்பட வேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம்." இதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மடித்த இடத்தில் தாள் கிழிய ஆரம்பித்துவிட்டது.

நீ அப்படி எழுதக் காரணம் இருக்கிறது. நீ லண்டனுக்குப் பிளேன் ஏறிய அன்று சுபாங்கில் நீ என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் குடித்துவிட்டு எங்கேயோ கிடந்து, மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வந்தேன் என்று அத்தை உனக்கு எழுதியதும் எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லாதே. அவள் கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றவன் நான்தான். இப்போது திறக்கிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் மற்றது பின்னாலேயே வரும். அதனால் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் காருக்கு ஆயில் பம்ப் மாற்றியிருக்கிறேன். நீ பட்டறைப் பக்கமே வராதவன், உனக்கு அது தெரிந்திருக்காது. இஞ்சினுக்கு அடியில் சம்ப் என்று ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கும். அதற்குள் மூழ்கிக் கிடக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான் பம்ப். உள்ளே இரண்டு பல்சக்கரம், அவ்வளவுதான். கீழே கிடக்கிற எண்ணெயை உறிஞ்சி மேலே பேரிங்குகளுக்கு அனுப்புவது அதன் வேலை. உன் பாஷையில் இதை இதயம் என்பாய். ஆ செங் இதைத் தவுக்கே, அதாவது முதலாளி என்பான். கண்ணிலேயே பட மாட்டார், ஆனால் அவர் படுத்துவிட்டால் கடை மூடல். ஆ செங்கை நினைவிருக்கிறதா? ஈப்போ பட்டறையில் என்னோடு இருபத்தைந்து வருசமாக வண்டி பழுது பார்க்கிற ஃபோர்மேன். தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

பம்ப் தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறாது. ஏறாவிட்டால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும், இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், ஒரு மைல்கூடப் போகக் கூடாது. இதை நான் ஈப்போ டாக்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியிருப்பேன். நம் காரில் அந்த விளக்கு எங்கே இருந்தது தெரியுமா? மீட்டர் கண்ணாடிக்குள், கீழ்ப்பக்கம். அம்மா வைத்த பொட்டுக்குப் பின்னால்.

அந்த ஆயுத பூஜை உனக்கு மறந்திருக்காது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த வருசம். காரைக் கழுவி, மாலை போட்டு, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டேன். பொட்டு வைப்பதும் எப்போதும் நான்தான். அந்த வருசம் அவள் பிடிவாதமாக எழுந்து வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று வைத்தாள். பிறகு மோதிர விரலால் சந்தனத்தை அள்ளி மீட்டர் கண்ணாடியில் இருபது காசு அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். "இதுதான் இதோட நெத்தி" என்றாள். "அது நெத்தி இல்ல, எண்ண லைட்டு. மறைச்சிட்ட பாரு" என்றேன். "ஒங்களுக்குத்தான் காது இருக்கே, லைட்டு எதுக்காம்?" என்று கேட்டாள். ஃபோர்மேனுக்குக் காதுதான் விளக்கு என்று இருபது வருசமாக வீட்டில் பெருமை அடித்துக்கொண்டவன் நான். அதை எடுத்து என் தலையிலேயே போட்டாள். கற்பூரத் தட்டோடு நீயும் நின்று சிரித்தாய். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

அவள் போன அன்று நான் எங்கே இருந்தேன் என்பதும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு மாதமாக நீதான் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் கொடுத்தாய், புரட்டிப் படுக்க வைத்தாய், அள்ளிக் கொட்டினாய், துடைத்தாய். நான் சாயங்காலம் வந்து காலடியில் நின்று, "சாப்பிட்டாளா?" என்று உன்னிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். வேலை என்று சொல்லிக்கொண்டேன். வேலை இல்லை, ஐயா, பயம். எந்த இஞ்சினையும் பிரித்துப் பார்த்துவிடுகிற எனக்கு அவள் மூச்சு இழுப்பதைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆள் வந்து சொன்னபோது நான் ஒரு டாக்சிக்கு அடியில் படுத்திருந்தேன். இரண்டு நட்டு பாக்கி இருந்தது, அதை முறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முறுக்கினேன் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத் துணியை மீட்டருக்குக் கொண்டுபோனபோது நீ வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அது அம்மா வச்சதுப்பா" என்றாய். நான் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டேன். அவள் விரல் பட்டது இந்த வீட்டில் எத்தனையோ இருந்தது, ஆனால் விரல் ரேகையோடு இருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து நீ இங்கிலாந்து பேச்சை எடுத்தாய். சோற்றில் கை வைத்திருந்தேன். நர்ஸ் படிப்பு, இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பருக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றாய். அம்மாவின் முதல் திதி இன்னும் வரவில்லை, கொள்ளி போட்ட பிள்ளை கிளம்புகிறேன் என்கிறானே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் கேட்டதை நானே எழுதுகிறேன், நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை என்று தெரியட்டும். "பீ மூத்திரம் அள்ளவா சீமைக்குப் போற? அதுக்கு ஆம்பளப் புள்ள எதுக்குடா?" என்றேன். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாய். "அம்மாவுக்கு நான்தான் அள்ளுனேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" நான் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தேன். "நீ போறதுன்னா போ. நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்" என்றேன். "வர வேணாம்" என்றாய். அந்த வீட்டில் அதற்குப் பிறகு மூன்று வாரம் நாம் இரண்டு பேரும் இருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் கார் சத்தம் போட ஆரம்பித்தது. சூடேறிய பிறகு சிக்னல் விளக்குச் சந்தியில் நிற்கும்போது மேலே டிக் டிக் என்று ஒரு தட்டல். எண்ணெய் சரியாக ஏறவில்லை என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. வேறு யாருடைய வண்டி என்றாலும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்திருப்பேன். என் வண்டிக்கு, பட்டறைகளில் சோம்பேறிகள் செய்கிற வேலையைச் செய்தேன். இருக்கிற எண்ணெயை இறக்கிவிட்டுக் கெட்டியான எண்ணெயை ஊற்றினேன். கெட்டி எண்ணெய் ஊற்றினால் தேய்ந்த பம்ப்பும் கொஞ்ச நாளைக்குத் தள்ளும், சத்தம் அடங்கிவிடும். பழைய காரை விற்கிறவர்கள் வாங்குகிறவன் காதை ஏமாற்ற இப்படிச் செய்வதுண்டு. நான் என் காதையே ஏமாற்றிக்கொண்டேன். அதே வாரம் கடைத்தெருவில், கேமரன் மலைக்குப் போகிறவர்கள் வாங்குகிற கம்பளிச் சட்டை ஒன்றும் உனக்காக வாங்கி, கார் சீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வரமாட்டேன் என்று சொன்னவன் எதற்கு அதை வாங்கினான் என்று கேட்காதே. என் வாய் ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்.

நீ கிளம்பிய காலையில் நான் ஆறு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். அத்தையும் உன் கூட்டாளிகளும் வேன் எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிப் போகிறார்கள் என்று தெரியும். ஒன்பது மணிக்கு ஆ செங் காப்பி குடித்துவிட்டு வந்து, காருக்கு அடியில் படுத்திருந்த என் காலை எட்டி உதைத்தான். "இன்னிக்கு ஒன் மவன் போறான்லா? இங்க என்னா செய்யிற?" என்றான். வேலை இருக்கிறது என்றேன். "வேல நாளைக்கும் இருக்கும்லா. மவன் இருப்பானா? மடையன்லா நீ!" என்று என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டான். உன் பிளேன் நாலு மணிக்கு. சட்டைகூட மாற்றாமல் சாவியை எடுத்தேன்.

கோப்பெங் தாண்டும் வரை உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கம்பார் தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லை. சட்டையைக் கொடுப்போம், அது பேசட்டும் என்று முடிவு செய்துவிட்டு வண்டியை அழுத்தினேன். அந்த இஞ்சினிடம் அவ்வளவு வேகத்தை நான் கேட்டதே இல்லை. சன்னல் எல்லாம் திறந்திருந்தது, காற்று இரைச்சலில் இஞ்சின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பீடோர் தாண்டி நாலைந்து மைல் போனதும் கீழே இருந்து டொக் டொக் என்று சுத்தியல் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் காதுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் பால்மரக் காட்டு ஓரம் ஒதுக்குவதற்குள் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. சாவி திருப்பியபடியே இருந்தது. வெயில் படாமல் இரண்டு கையாலும் மீட்டரை மறைத்துக் குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தின் ஓரத்தைச் சுற்றி, நூல் கனத்தில், சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. இஞ்சின் நின்றால் அது எரியத்தான் செய்யும், ஆனால் அதற்கு முன்பே எத்தனை மைலாக எரிந்துகொண்டிருந்ததோ!

குணா, இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நான் எட்டு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். பொட்டைத் துடைக்காதே என்று என் கையைப் பிடித்தவன் நீ. இதைச் சொன்னால், உன்னால்தான் வண்டி நின்றது என்று நான் குத்திக் காட்டுவதாக நீ நினைப்பாயோ என்று பயந்தேன். அப்படி நினைக்கவே கூடாது. விளக்கு மறைந்திருந்தது உண்மை, ஆனால் மூன்று வாரமாகத் தட்டல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விளக்கை மறைத்தது உன் அம்மா. காதை மூடிக்கொண்டது நான். பழி என்னுடையது, அதில் உனக்குப் பங்கு கிடையாது.

மீதிக் காரணம் வெட்கம். ஃபோர்மேன் கார் எண்ணெய் இல்லாமல் சடக்கில், நடுரோட்டில், செத்துக் கிடக்கிறது என்றால் ஈப்போ முழுக்கச் சிரிக்கும். கையை நீட்டி நீட்டி நின்றேன். பள்ளி விடுமுறைக் காலம், பஸ்ஸும் டாக்சியும் நிரம்பி வழிந்து நிற்காமல் போயின. அரை மணி நேரம் கழித்து சிமெண்டு லாரி ஒன்று நின்றது. ஓட்டிவந்த மலாய்க்காரப் பெரியவர் இறங்கி வந்து இஞ்சினைத் தொட்டுப் பார்த்து, "சுடா மாத்தி லா, அபாங்", செத்துப்போச்சு அண்ணே என்று செத்த வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். மகன் சீமைக்குப் போகிறான் என்றதும் வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஏறச் சொல்லி தஞ்சோங் மாலிம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பஸ், கோலாலம்பூரிலிருந்து டாக்சி. சுபாங்கில் நான் ஓடி ஏறியபோது மணி நாலே முக்கால். கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் லண்டன் பிளேன் எங்கே என்று கேட்டேன். அவள் துடைப்பத்தைத் தூக்கி வானத்தைக் காட்டினாள்.

அதுதான் நடந்தது. நான் வந்தேன், ஐயா. நீ போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன், ஆனால் வந்தேன். எல்லோரும் நின்று கை காட்டுகிற அந்த மேல்மாடியில், எண்ணெய்ச் சட்டையோடு, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பிளேன் ஏறும்போதும், இதுவாக இருக்குமோ, கொஞ்சம் தாமதமாகியிருக்குமோ என்று எழுந்து பார்த்தேன். காரிலிருந்து எடுத்துவந்த கம்பளிச் சட்டையின் கைப்பக்கத்தில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. தபாலில் அனுப்பலாம் என்றுதான் வைத்தேன், கறையோடு எப்படி அனுப்புவது என்று விட்டுவிட்டேன். இன்னும் அலமாரியில் இருக்கிறது. மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது அத்தை வாசலிலேயே, "கல்லு மனசுடா ஒனக்கு! ராத்திரி பூரா எங்க குடிச்சிட்டுக் கெடந்த?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குடிகாரன் என்ற பெயரே மேல் என்று பேசாமல் உள்ளே போய்விட்டேன். காரை ஆ செங்தான் பின்னால் கட்டி இழுத்து வந்தான். அவனிடம் யாருக்கும் சொல்லாதே என்றேன். ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற அந்த மனிதன் இந்தக் கதையை இன்றைக்கு வரை வெளியே விடவில்லை.

அதன் பிறகு எட்டு வருசம் அந்தக் கார் இந்தக் கொட்டகையில் கிடந்தது. ஊரில் உள்ள வண்டியெல்லாம் என் கையால் ஓடிற்று, இதை மட்டும் தொடவில்லை. பினாங்குக்குப் பாலம் போட்டுவிட்டார்கள், நம் நாட்டிலேயே செய்த கார் சடக்கில் ஓடுகிறது, நான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். உன் முதல் கடிதம் எனக்கு வரும், அன்றைக்கு வண்டியைப் பிரிக்கலாம் என்று இருந்தேன். கடிதம் அத்தைக்கு வந்தது. சரி, அடுத்தது என்று இருந்தேன். நீ முதலில் எழுத வேண்டும் என்று நானும், அவர் முதலில் எழுதட்டும் என்று நீயும் இருந்திருப்போம். பிடிவாதத்தில் மட்டும் நீ அப்பன் பிள்ளை, மற்றதெல்லாம் அம்மா.

உன் கல்யாணக் கடிதம் வந்த மறுநாள் கொட்டகைக் கதவைத் திறந்தேன். ஆ செங் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். உத்தரத்தில் சங்கிலி போட்டு இஞ்சினை வெளியே தூக்கினோம். சம்ப்பைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடை கறுப்பு அழுக்கில் அடைத்துப்போய், அதில் எண்ணெய் கசியாமல் வைக்கிற பழைய கேஸ்கெட்டின் தக்கைத் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன. பம்ப்பின் பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளக்கத் தகடே வேண்டாம், என் நகம் போயிற்று. பேரிங்குகளில் ஒன்று சுழன்று தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் தண்டைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து, அதற்கு ஏற்ற பேரிங், புது பம்ப், புது சல்லடை, எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கிற வால்வுக்குப் புது ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் போட்டேன். அளவுத் தகட்டில் உள்ள நம்பரை ஆ செங்தான் படித்துச் சொன்னான், எனக்குக் கண் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சம்ப்பைத் திறந்திருந்தால் சல்லடையைக் கழுவி, பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு முடித்திருக்கலாம். இதை உனக்குப் புத்திமதியாகச் சொல்கிறேன். ஸ்டெல்லாவுக்கும் உனக்கும் நடுவில் ஏதாவது தட்டுகிற சத்தம் கேட்டால், அது சின்னதாக இருக்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள். கெட்டி எண்ணெய் ஊற்றி அமுக்காதீர்கள். நான் அமுக்கியவன், சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

எல்லாம் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க வயரை உருவிவிட்டு, எண்ணெய் மேலே ஏறட்டும் என்று ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். சுற்றச் சுற்ற விளக்கு அணையவே இல்லை. ஆ செங் என்னைப் பார்த்தான். "பம்ப்புக்கு முன்னாடியே எண்ண ஊத்துனியா?" என்றான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். புது பம்ப்பை மாட்டுவதற்கு முன் அதற்குள் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்ப வேண்டும். காய்ந்த பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், எத்தனை நேரம் சுற்றினாலும் எண்ணெயை இழுக்காது. இது முதல் மாதம் வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். "மாமனாரு ஆவப் போறவருக்கு மறதி வந்திருச்சுலா" என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். சம்ப்பை மறுபடி கழற்றி பம்ப்பை வெளியே எடுத்து, புனலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதலில் யாராவது கொஞ்சம் ஊற்றத்தான் வேண்டும். எட்டு வருசமாக நான் காய்ந்த பம்ப்பைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து தாளை எடுத்தேன்.

கடிதம் இன்னும் முடியவில்லை, அதற்குள் இன்று காலை இஞ்சின் ஓடியது. விளக்கு எரிந்தது, அணைந்தது. பழைய விளக்கு இல்லை. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, புது விளக்கு ஒன்றை வைத்து வயர் இழுத்திருக்கிறேன். என் காதை நம்பி இனி ஓட்ட முடியாது, விளக்கு வேண்டும். இந்தப் பெண் கிறிஸ்தவப் பெண், பொட்டு வைக்க மாட்டாளே என்று அத்தை இழுத்தாள். பொட்டு விஷயத்தில் இந்தக் குடும்பம் பட்டது போதும், பேசாமல் இரு அக்கா என்று சொல்லிவிட்டேன். தேவாலயத்தில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று ஸ்டெல்லாவையே சொல்லச் சொல், நான் கற்றுக்கொள்கிறேன். நீ செய்கிற வேலையைப் பற்றி அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியதை நீ செய்தாய். அதையே ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு அதில் இப்போது கர்வம் உண்டு, காப்பிக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

டாக்சி எடுக்காதே, குணா. உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். மேல்மாடியில் இல்லை, கதவுக்கு நேராக நின்று, நீ வெளியே வரும்போது பார்க்க வேண்டும். நரைத்திருக்கிறாயா, இளைத்திருக்கிறாயா, அம்மா மாதிரி நடக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நீ "வர வேணாம்" என்றாய். இப்போது "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, போதும். என் பெயருக்கு எழுது. பதில் வராவிட்டால் தபால்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படியும் வருவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு நீ இறங்கினால் நான் காலை பத்துக்கே அங்கே இருப்பேன். ஸ்டெல்லா பின்னால் அத்தையோடு உட்காரட்டும், நீ முன்னால் என் பக்கத்தில் உட்கார். சீட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டேன், கண்ணாடியெல்லாம் துடைத்துவிட்டேன். பொட்டை மட்டும் தொடவில்லை.

உன் வருகைக்குக் காத்திருக்கிற
அப்பா